வீட்டுப் பியரும் எமது சட்டமும்

லண்டனில் வசிக்கும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவரின் பின்வளவில் ஒரு கோடை மாலை. கரியடுப்பில் உப்பும் மிளகும் தடவிய ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. அவர் ஊற்றித்தந்த பியர் கடையில் வாங்கியதன்று, அவரே காய்ச்சியது.

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்தெடுத்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறிய பின் மதுவம் சேர்த்து இரு வாரங்கள் நொதிக்க வைத்திருந்தார். கொதிக்கத் தொடங்கும்போது இட்ட ஹொப்ஸ் பூ கசப்பையும், இறக்கும் தறுவாயில் இட்டது தோடம்பழ வாசனையையும் தந்தன. மதுசாரம் 6.5 சதவீதம். அக்கசப்பு இறைச்சியின் கொழுப்பை நாவிலிருந்து கழுவிவிட்டது. மிளகாய்ச் சம்பலுடன் அருந்தியபோதோ காரம் இரட்டித்தது. கடுங்கசப்புப் பியருக்கு மிளகு உறவு, மிளகாய் பகை.

"இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டாமா?" என வினவினேன். நண்பர் சிரித்தார்.

பிரித்தானியாவில் 1880 முதல் அது தேவைப்பட்டது. 1963 இல் நிதியமைச்சராக இருந்த ரெஜினோல்ட் மோட்லிங் அதனை நீக்கினார். விற்கக்கூடாது என்பதே இன்றுள்ள நிபந்தனை. அமெரிக்காவில் 1978 இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம், வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கலன் பியரை வரியின்றிக் காய்ச்ச வழிவிட்டது. வீட்டில் காய்ச்சிப் பழகிய கென் குரொஸ்மன், 1980 இல் கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் சியரா நெவாடா பியரைக் காய்ச்சத் தொடங்கினார். ஹொப்ஸ் மணக்கும் இன்றைய பியர்களுக்கு வழிகாட்டியவற்றுள் அதுவும் ஒன்று. பெருந்தொழில்களுக்கும் சமையலறை பள்ளிக்கூடமாகலாம் என்பதற்கு இது சான்று.

எமது நாட்டிலோ, குடியேற்ற ஆட்சி 1912 இல் தந்த மதுவரிக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. தன் வீட்டில், தன் தேவைக்கு ஒரு வாளி பியர் காய்ச்சுபவரும் அனுமதிப்பத்திரம் இல்லையேல் குற்றவாளியே. அச்சட்டத்தைத் தந்தவர்கள் தமது நாட்டில் தளர்த்திக்கொண்டதை நாம் இன்னமும் கட்டிக் காக்கிறோம்.

குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதியவன் நான். கசிப்பு வடிப்பதற்கு எவ்விதச் சலுகையும் கூடாது. ஆனால் நொதிக்க வைப்பது வேறு, வடிப்பது வேறு. அளவு வரையறுத்து, விற்பனையைத் தடைசெய்து, முன்னதை அனுமதிக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும் சட்டம் எவரையும் திருத்தாது; மறைவில் செய்யவே பழக்கும்.