மலையை வெட்டின பிறகு மனு எதுக்கு?

போன வாரம் காலேஜ் கேண்டீனில் ஒரு சண்டை. கோயம்புத்தூர் நண்பன் ஒருத்தன், "உங்க நீலகிரில ரூல்ஸ் ரொம்ப ஓவர்டா. அதனாலதான் எல்லாரும் திருட்டுத்தனமா கட்டறாங்க" என்றான். பக்கத்தில் இருந்த சுற்றுச்சூழல் ஆர்வலர் (எங்கள் வகுப்பில் ஒருவர் இருக்கிறார், பிளாஸ்டிக் டம்ளரில் டீ குடித்தால் முறைப்பார்) "ரூல்ஸ் பத்தாது, மொத்தமா தடை பண்ணணும்" என்றார். இரண்டு பேருமே குந்தாவைப் பார்த்ததில்லை. ஊட்டி ஏரியில் போட்டில் போனதோடு சரி. நான் குந்தாக்காரன். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. கோபம் வரும்போது எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும். அதனால் இங்கே கொட்டுகிறேன்.

என் கட்சி இதுதான். ரூல்ஸ் அதிகமும் இல்லை, கம்மியும் இல்லை. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல், பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல், கேட்க வேண்டிய ஆளைக் கேட்காமல் இருக்கிறது. அவ்வளவுதான்.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தமிழ்நாட்டில் நிலத்தை மனையாகப் பிரித்து விற்க 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சமவெளியில் உள்ளாட்சி, டி.டி.சி.பி. என்று போய் முடியும். மலையில் அதற்கு மேல் ஒரு படி உண்டு. 1990-ல் அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்று ஒன்றை அமைத்தது. ஊரில் 'ஹாகா' என்றால்தான் தெரியும். நீலகிரி முழுக்க அதன் கீழ் வருகிறது. 1993-ல் மலை நகரங்களுக்கென்று தனி கட்டட விதிகள் வந்தன. 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது என்பதெல்லாம் அப்போது வந்ததுதான். மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் 'ஏஏஏ கமிட்டி' என்று ஒன்று. கட்டடத்தின் அமைப்பும் அழகும் மலைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காக வந்த கமிட்டி அது.

பெயரைக் கவனியுங்கள். அழகு! கூரை சரிவாக இருக்கிறதா, உயரம் தாண்டவில்லையா. இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஆளைக் கொல்வது கூரை இல்லை, மண்.

மனைப்பிரிவு மனு எப்படிப் போகும்? பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், லே-அவுட் வரைபடம். பிறகு என்.ஓ.சி. ஊர்வலம். கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை... ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஒரு தாளில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதும். வனத்துறை தன் எல்லையைப் பார்க்கும். கனிமவளத் துறை இந்த சர்வே நம்பரின் மண்ணைப் பார்க்கும். மேலே இருக்கும் சர்வே நம்பரிலிருந்து வரும் தண்ணீர் இந்த சர்வே நம்பர் வழியாகக் கீழே இருக்கும் லைன் வீடுகளுக்குள் போகுமா என்பதை யார் பார்ப்பது? சர்வே நம்பருக்கு எல்லைக்கல் இருக்கிறது. தண்ணீருக்கு அந்தக் கல் தெரியாது.

இதை விளங்கிக்கொள்ள ஜியாலஜி படிக்க வேண்டாம். எங்கள் மலையில் பாறைக்கு மேல் பல அடி ஆழத்துக்கு மக்கின மண். மழையில் ஸ்பாஞ்ச் மாதிரி குடித்துக்கொள்ளும். சரிவின் காலடியை வெட்டி ரோடு போட்டால் மேலே இருக்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுக்க ஆள் இல்லை. பழைய எஸ்டேட்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தேயிலை வரிசைக்கு நடுவே சரிவுக்குக் குறுக்காகக் கால்வாய் எடுத்து, வருஷா வருஷம் தூர்வாரி, தண்ணீரை ஓடையில் கொண்டுபோய் விட்டார்கள். மனை போடும்போது முதலில் சாவது அந்தக் கால்வாய்தான். 30 அடி ரோடு வேண்டுமே! வரைபடத்தில் ரோடு இருக்கும், பூங்காவுக்கு இடம் இருக்கும். கால்வாய் இருந்த இடம் பிளாட் நம்பர் ஆகியிருக்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் தேதிகளைப் பாருங்கள். 1990 அக்டோபரில் கெத்தை. எங்கள் தாலுகாதான். தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களின் மேல் மலை இறங்கியது. (ஹாகா பிறந்த அதே வருஷம்.) 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் ரோட்டில் மரப்பாலம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை, அந்தச் சில நாட்களில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவு, 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் எங்கள் அவலாஞ்சியில் ஒரே நாள் மழை 80 செ.மீ.யைத் தாண்டியது. சென்னைக்கு ஒரு வருஷத்துக்கே சராசரி 140 செ.மீ.தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில், மழையே இல்லாத நேரத்தில், லவ்டேல் காந்தி நகரில் வீடு கட்ட மண் தோண்டிய இடத்தில் மேலே இருந்த கழிப்பிடக் கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் போனார்கள். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கீழே வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மழைகூடத் தேவையில்லை.

ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் மாவட்ட நிர்வாகம் ஒரு எண் சொல்லும். அபாயகரமான இடங்கள் 283. பேப்பரில் வரும், நாங்களும் படிப்போம். மனை வாங்குகிறவன் கையில் கொடுக்கும் பத்திரத்தில் அந்த 283-ல் இது ஒன்றா என்று ஒரு வரி உண்டா? கிணறு, மரம், வழிநடைப் பாத்தியம் எல்லாம் எழுதுகிற பத்திரத்தில் இதை எழுத இடமில்லையா?

சரி, நேரத்துக்கு வருகிறேன். மனு எப்போது போகிறது? முதலில் பொக்லைன் வரும். இங்கே மண் வெட்டும் இயந்திரத்துக்கே தனி அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மலையில் கேட்கும் சத்தம் எல்லாம் யானையின் சத்தம் இல்லை. ஒரு மலைப்பக்கம் சிவப்பாக அறுபட்டு நிற்கும். அதற்குப் பிறகு வரைபடம் வரும், மனு வரும். வெட்டின மலையைத் திரும்ப ஒட்ட எந்தக் கமிட்டியாலும் முடியாது. ஆகவே கமிட்டி பரிசீலிப்பது மலையை இல்லை, மலையில் விழுந்த காயத்தை.

இன்னொரு ரகம் மனுவே போடாது. தேயிலைத் தோட்டமாகவே பத்து பத்து சென்ட்டாக விற்பது. பத்திரத்தில் தோட்டம், நடுவில் 'நடைபாதை'. ஐந்து வருஷம் கழித்து நடைபாதையில் கார் போகும். லே-அவுட் என்ற வார்த்தையே எங்கும் வராது.

இதற்கெல்லாம் 2016-ல் ஒரு முற்றுப்புள்ளி விழும் போல இருந்தது. அந்த செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. ஊரே அதிர்ந்தது. அரசு என்ன செய்தது? 2017-ல் வரன்முறைத் திட்டம். 2016 அக்டோபர் 20-க்கு முன் ஒரு மனையாவது பத்திரம் ஆகியிருந்தால் போதும், கட்டணம் கட்டி அந்த மனைப்பிரிவையே நேர்செய்துகொள்ளலாம். 2020-ல் மலைப்பகுதிக்கும் தனி விதிகள். தெரியாமல் ஒரு மனை வாங்கிய பள்ளிக்கூட வாத்தியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஒரு வழி வேண்டும்தான். ஆனால் சமவெளியில் வரன்முறை என்றால் ரோடு அகலமும் கட்டணமும். மலையில் வரன்முறை என்றால் சரிவிடம் "நீ இனிமேல் சரியக்கூடாது" என்று அரசாணை போடுவது. கட்டணம் கட்டியதால் கால்வாய் திரும்பி வந்ததா?

இப்போது கோயம்புத்தூர் நண்பனுக்கு. "ரூல்ஸ் ஓவர்" என்கிறாயே, அதில் பாதி உண்மை. யாருக்கு ஓவர் என்பதுதான் கேள்வி. என் மாமா மஞ்சூர் பக்கம் மூன்றரை சென்ட்டில் ஒரு வீடு கட்ட மனு போட்டார். அப்பா காலத்துப் பட்டா, ஊருக்கு நடுவில், மிதமான சரிவு. இரண்டரை வருஷம். ஒரு அலுவலகத்தில் ஸ்கெட்ச் தெளிவாக இல்லை என்று திருப்பினார்கள். இன்னொன்றில் பழைய என்.ஓ.சி. காலாவதி என்றார்கள். காலாவதி ஆக்கியதே முதல் அலுவலகம்தான்! ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி, பஸ் சார்ஜ். அதே நேரத்தில் எதிர் சரிவில் ஆங்கிலப் பெயர் வைத்து வளைவு எழும்பி, மனை எல்லாம் விற்று, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளியூர் கார்கள். மாமா டீ குடித்துக்கொண்டே பார்ப்பார். "மாப்ள, நம்ம தப்பு என்னன்னா கம்மியா கேட்டது" என்பார். :-)

ஆர்வலருக்கும் ஒன்று. தேயிலைக்காரன் ஏன் விற்கிறான் என்று கேட்டதுண்டா? 1990-களின் கடைசியில் விழுந்த பச்சைத் தேயிலை விலை, செலவுக்கு ஈடாக ஏறவே இல்லை. ஒரு ஏக்கர் வைத்திருப்பவன் உரம் வாங்கி, கவாத்து வெட்டி, பறி கூலி கொடுத்து மீதி என்ன? கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பது ஃபேக்டரி போர்டில் மாசா மாசம் எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தான் எங்கள் காலேஜ் ஃபீஸ் கட்டுவதா வேண்டாமா என்று முடிவாகும். அவனிடம் வந்து சென்ட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறேன் என்றால்? மொத்தத் தடை என்பது அவன் வயிற்றில் போடும் தடை. பணம் உள்ளவன் தடைக்குள்ளும் வழி கண்டுபிடிப்பான், இத்தனை வருஷமாகக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கடைசியாக, கேட்க வேண்டிய ஆள். மாஸ்டர் பிளான் தயாரிக்கும்போது பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு தனி மனைப்பிரிவு மனுவுக்கு அப்படி எதுவும் கிடையாது. கீழே வீடு இருப்பவனுக்கு ஒரு போஸ்ட் கார்டு கூட வராது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் யாராவது நிலத்தைப் பிரித்து மனை போட்டால், ஊர் பிளானிங் போர்டு பேப்பரில் இரண்டு வாரம் விளம்பரம் கொடுக்கிறது, எல்லையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தபால் அனுப்புகிறது, கூட்டம் போட்டு எல்லோர் முன்னாலும் விசாரிக்கிறது. ரோடும் வடிகாலும் முடியும்வரை மனைகளை விற்க முடியாது, அல்லது அதற்கு ஈடாகப் பணம் பிணை வைக்க வேண்டும். அவர்களும் சொக்கத்தங்கம் இல்லை, பணக்கார ஊர்கள் இதே கூட்டத்தை வைத்து ஏழைகள் வரவிடாமல் தடுப்பதும் உண்டு. ஆனாலும் பக்கத்து நிலத்துக்காரனுக்குத் தபால்! நம்மூரில் ரெரா இருக்கிறது, 500 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால் பதிய வேண்டும். நல்லது. அது மனை வாங்குகிறவனைக் காப்பாற்றும். மனைக்குக் கீழே குடியிருப்பவனை?

எந்தப் பள்ளத்தில் எந்த மழைக்குத் தண்ணீர் வரும் என்று எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். பழைய ஹட்டிகளைப் பாருங்கள், மிதமான சரிவில் வரிசை வீடுகள். தண்ணீர் போகும் பள்ளத்தை விட்டுவிட்டார்கள். எந்த வரைபடமும் இல்லாமல் செய்தது.

மேல்குந்தா, முள்ளிகூர், இத்தலார், பாலகொலா எல்லாம் ஊராட்சிகள், அங்கே கிராம சபை கூடும். கீழ்குந்தாவும் பிக்கட்டியும் பேரூராட்சி, கிராம சபை இல்லை, அங்கே வேறு வழி பார்க்க வேண்டும். வரும் அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றே வரி. மனைப்பிரிவு மனு வந்தால் சரிவின் மேலும் கீழும் இருக்கும் எல்லா வீட்டுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் மழைக்காலத்தில் ஒரு தடவையாவது நேரில் வந்து, ஊர்க்காரர்களோடு நடந்து பார்க்க வேண்டும். கால்வாயும் தடுப்புச்சுவரும் முடியாமல் முதல் மனை பத்திரமாகக் கூடாது.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். "எழுத்து மூலம்னா அதுக்கு ஒரு என்.ஓ.சி. கேப்பாங்க பாரு" என்றார்.

டிஸ்கி: குந்தா பக்கத்து நண்பர்கள் யாராவது அன்றைக்கு ஊரில் இருந்தால் வாருங்கள். தீர்மானத்தை நகல் எடுத்துத் தருகிறேன், உங்கள் ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.