பேணிக்குள் அரையாண்டுச் சூரியன்
சுவாமி மலையடியில் மூழ்கி, கோணேசர் கோயிலின் இடிபாடுகளை 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் படமெடுத்த ஊர் திருகோணமலை. இங்கே கமெரா ஆசையுள்ள பிள்ளைகள் விலையுயர்ந்த லென்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பேன். வெற்றுப் பால்மாப் பேணி ஒன்று, சோடாக் கேனில் வெட்டிய தகட்டில் ஊசியால் குத்திய 0.3 மில்லிமீற்றர் அளவான துளை, உள்ளே வளைத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படத்தாள். அவ்வளவுதான். ஜூன் 21இல் கடலைப் பார்த்துக் கட்டி, டிசம்பர் 21இல் அவிழ்த்தால், நாள்தோறும் சூரியன் போன வழி கோடுகோடாகப் பதிந்திருக்கும். தாளை மருந்தில் கழுவக் கூடாது. அப்படியே ஸ்கேன் செய்து, கணினியில் நெகட்டிவைப் பொசிட்டிவாக மாற்ற வேண்டும். இதற்கு எங்கள் ஊர் அருமையான இடம். 8.5 பாகை வட அகலாங்கில், கிழக்குக் கடலிலிருந்து சூரியன் ஏறக்குறைய நிலைக்குத்தாக எழுகிறது. சோளகக் காலத்து வடபுறக் கோடுகள் நெருக்கமாக விழும். தென்புறக் கோடுகளை மாரி மேகம் அறுத்து அறுத்துப் போடும். அந்த அறுபட்ட கோடுகள்தான் எனக்குப் பிடித்தவை: ஒரு பருவமழையின் கையெழுத்து அது. துறைமுக வேலியிலோ கடற்படைத் தளத்தருகிலோ மட்டும் பேணியைக் கட்டாதீர்கள், வீண் சந்தேகம் வரும். வீட்டு மொட்டைமாடி போதும். மழைநீர் புகாதபடி கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள்.