கையெழுத்து இல்லாத 20 பெசோவும் கண்டிச்சீமைத் துண்டும்!

"அக்கா, 150 வருஷத்துக்கு முந்துன நோட்டு. ஒரு மடிப்புகூட இல்ல. ஆனா ரெண்டு பிரியாணி விலைக்குத்தான் கிடைச்சுச்சு. டூப்ளிகேட்டா இருக்குமோ?"

கேட்டது எங்க ஊர் ராசிங்காபுரத்தில் பக்கத்துத் தெருத் தம்பி. பிளஸ் டூ படிக்கிறான். அவன் அப்பா, விடியறதுக்கு முன்னாடியே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு போடிமெட்டு மலை ஏறுகிற ஜீப் டிரைவர். பையனுக்கு ஒரு வருஷமா பழைய நோட்டு சேர்க்கிற கிறுக்கு. போனில் படம் அனுப்பினான். 'எல் பாங்கோ ஓரியென்டல்', மான்டிவிடியோ, 1867, 20 பெசோ. தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டின் தலைநகரில் இருந்த ஒரு தனியார் வங்கியின் நோட்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பதில் அதிலேயே இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அதாவது, இது ஒருநாளும் பணமாக இருந்ததே இல்லை. அச்சடித்து வந்த கட்டு, வங்கி அலமாரியிலேயே தங்கிப்போய், பிற்பாடு வெளியே வந்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதை 'ரிமைண்டர்' என்பார்கள். யார் கையிலும் புரளாததால்தான் மடிப்பே இல்லை. கட்டுக்கட்டாகத் தப்பிப் பிழைத்ததால்தான் விலையும் குறைவு.

"அப்ப கையெழுத்துப் போட்டு, கசங்கி, கிழிஞ்சு போனதுதான் விலை அதிகமாக்கா?" என்றான். பெரும்பாலும் அப்படித்தான்டா தம்பி!

இன்றைக்கு நமக்கு நோட்டு என்றால் ரிசர்வ் வங்கி. 19ஆம் நூற்றாண்டில் அப்படி இல்லை. தென் அமெரிக்காவின் பல நாடுகளில் பணக்கார வியாபாரிகள் வங்கி தொடங்கி, தங்கள் பெயரிலேயே நோட்டு அடித்தார்கள். 'இதைக் கொண்டுவந்து நீட்டுபவருக்கு இத்தனை பெசோ பொன்னாகவோ வெள்ளியாகவோ தருகிறோம்' என்பதுதான் வாக்கு. சிலியின் 1860ஆம் வருடச் சட்டம், ஒரு வங்கி தன் முதலைப்போல் ஒன்றரை மடங்கு வரை நோட்டு வெளியிடலாம் என்றது. 100 ரூபாய் முதல் போட்டவர் 150 ரூபாய்க்குச் சீட்டு எழுதித் தரலாம்! எல்லோரும் ஒரே நாளில் கவுன்ட்டருக்கு வராதவரை பிரச்னை இல்லை. வந்துவிட்டால்?

மான்டிவிடியோவில் 1868இல் வந்துவிட்டார்கள். வங்கிகள் திணறின. பிரேசிலின் பெரும் தொழிலதிபர் மாவா பிரபு அங்கே 1857இல் தொடங்கிய வங்கி அந்த அடியைத் தாங்கி நின்று, கடைசியில் 1875இல் விழுந்தது. ஆனால் நோட்டுகள் மட்டும் அவ்வளவு அழகு! நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி போன்ற அச்சகங்கள் எஃகுத் தகட்டில் செதுக்கி அடித்துக் கொடுத்தவை. ஒரே மாட்டு மந்தைப் படம், ஒரே தேவதைப் படம் வேறு வேறு வங்கிகளின் நோட்டில் வரும். நம்ம ஊர் அச்சகத்தில் ஒரே பிள்ளையார் படம் எல்லாக் கல்யாணப் பத்திரிகையிலும் வருகிற மாதிரி.

தம்பியின் அடுத்த கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. "நம்ம பக்கம் இந்த மாதிரி தனியார் நோட்டு இருந்துச்சாக்கா?"

இருந்தது. 1843இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் தன் பெயரில் நோட்டு வெளியிட்டது. அதில் இருந்த படம் சர் தாமஸ் மன்றோ. சென்னை தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதேபோல் வங்கிகள் நோட்டு வெளியிட்டன. பிழைத்திருக்கும் மிகப் பழைய இந்திய நோட்டுகளில் ஒன்று, பேங்க் ஆஃப் பெங்கால் 1812 செப்டம்பர் 3 தேதியிட்டு வெளியிட்ட 250 சிக்கா ரூபாய் நோட்டு. 1861இல் காகிதப் பணச் சட்டம் வந்து, நோட்டு அடிக்கும் உரிமையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது மக்களின் டெபாசிட் போனது. ஆனால் கையில் இருந்த நோட்டு போகவில்லை. அந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு மவுன்ட் ரோட்டில் என்ன நடந்திருக்குமோ!

தென் அமெரிக்கக் கதைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று, நம் ஆட்கள் பிழைக்கப் போன இடத்தில் நடந்தது. இலங்கையில்.

அந்தக் காலத்தில் 'கண்டிச்சீமை' என்பார்கள். மதுரைச் சீமை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்து ஜனங்கள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை வரை போய், மலையில் காப்பித் தோட்டங்களில் வேலை பார்த்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்தத் தோட்டங்களுக்கெல்லாம் பணம் வந்தது பெரும்பாலும் ஒரு வங்கியிலிருந்து. பெயர், ஓரியென்டல் பேங்க் கார்ப்பரேஷன். ஆமாம், அதுவும் 'ஓரியென்டல்'தான்! தம்பியின் நோட்டுக்கும் இதற்கும் உறவு கிடையாது. உருகுவே ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் நாடு என்பதால் அங்கே 'ஓரியென்டல்'. இங்கிலாந்துக்காரன் பார்வையில் நாம் கிழக்கே இருப்பதால் இங்கே 'ஓரியென்டல்'.

இந்த வங்கி பம்பாயில் 1842இல் பிறந்து, 1845இல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றி, 1851இல் அரச சாசனம் வாங்கியது. இலங்கையில் அதன் நோட்டுதான் ஊரெங்கும் ஓடியது. 1869இல் காப்பி இலையில் ஆரஞ்சு நிறப் பொடி மாதிரி ஒரு நோய் வந்தது. இலைத் துரு நோய். பத்துப் பதினைந்து வருஷத்தில் மலை மலையாகக் காப்பி பட்டுப்போனது. தோட்டத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்திருந்த வங்கி என்ன ஆகும்? 1884 மே 3, சனிக்கிழமை, கதவைச் சாத்தியது.

ஏலக்காய் விலை ஒரு சீசன் சரிந்தாலே போடியில் டீக்கடை வரைக்கும் வியாபாரம் படுத்துவிடும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாரம் கண்டியிலும் கொழும்பிலும் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கவே வேண்டாம். 5 ரூபாய் நோட்டு என்பது ஒரு தொழிலாளிக்குப் பல நாள் கூலி. அது கங்காணி கையில், வண்டிக்காரர் மடியில், பலசரக்குக் கடைக் கல்லாவில் இருக்கிறது. திடீரென்று அது வெறும் காகிதம்.

அப்போது ஆளுநராக இருந்தவர் சர் ஆர்தர் கார்டன். ஓரியென்டல் வங்கி நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். டெபாசிட்டுக்கு அல்ல, நோட்டுக்கு மட்டும். எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. டெபாசிட் போட்டவர் வங்கியைத் தேர்ந்தெடுத்தவர். நோட்டு வைத்திருப்பவரோ, கூலியாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவர், அவ்வளவுதான். பீதி அடங்கியது. அதே ஆண்டில் சட்டம் போட்டு, 1885 ஜனவரி 1 தேதியிட்ட அரசு நோட்டுகள் வந்தன. இலங்கையில் தனியார் நோட்டுக் காலம் முடிந்தது.

இப்போது தம்பியின் முதல் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். அரசு பொறுப்பேற்றதால் ஜனங்கள் நோட்டைக் கொடுத்துக் காசு வாங்கிவிட்டார்கள். திரும்பி வந்த நோட்டுக்கு அதோடு ஆயுள் முடிந்தது. அதனால்தான் இலங்கை ஓரியென்டல் வங்கி நோட்டு இன்று கண்ணில் படுவதே அபூர்வம். மான்டிவிடியோவின் கையெழுத்தில்லாத நோட்டோ ரெண்டு பிரியாணி விலைக்குக் கிடைக்கிறது. வாக்கைக் காப்பாற்றிய நோட்டு மிச்சமிருக்காது. ஒரு பழைய தனியார் நோட்டு ஆல்பத்தைப் புரட்டும்போது, கையெழுத்துப் போட்டு, அழுக்கேறி, நாலாக மடித்த நோட்டு ஒன்று இருந்தால், 'இதை ஏன் யாரும் மாற்றவில்லை?' என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். சில சமயம் மறதி. சில சமயம், மாற்றப் போனவர் சாத்திய கதவைப் பார்த்துத் திரும்பியிருப்பார்.

தோட்டத்துக் கூலி விஷயத்தில் இரண்டு கண்டங்களும் இன்னும் நெருக்கம். சிலியின் வடக்குப் பாலைவனத்தில் வெடியுப்புத் தோண்டிய தொழிலாளிகளுக்குக் கூலி பணமாக வராது. 'ஃபிச்சா' என்ற வில்லையாக வரும். கம்பெனிக் கடையில் மட்டும்தான் செல்லும். வெளியே மாற்றினால் பிடித்தம். அந்த வில்லைகளை முழு மதிப்புக்கு மாற்றித் தரவேண்டும் என்பது 1907இல் இகீகே நகரத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. டிசம்பர் 21 அன்று சாந்தா மரியா பள்ளியில் கூடியிருந்தவர்கள்மீது ராணுவம் சுட்டது. அந்த வில்லைகள் இன்று சேகரிப்புப் பொருள்.

கண்டிச்சீமையில் இருந்தது 'துண்டு'. அந்தத் தமிழ்ச் சொல்லையே ஆங்கிலேயர்களும் ஆவணங்களில் எழுதினார்கள். ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். 'இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன். இந்தத் தொகை வந்தால் இவர்களை விடுவிக்கிறேன்.' புதுத் துரை அதைக் கட்டுவார். கடன் ஆளோடு புதுத் தோட்டத்துக்கு நகரும். வங்கி நோட்டில் 'நான் உனக்குத் தர வேண்டும்' என்று எழுதியிருக்கும். துண்டில் 'நீ எனக்குத் தர வேண்டும்' என்று எழுதியிருக்கும். அதுவும் கைமாறியது, அதற்கும் விலை இருந்தது. 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதைச் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் துண்டு எங்கயாச்சும் விலைக்குக் கிடைக்குமாக்கா?" என்றான். எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. சேகரிப்பாளர்கள் அழகான செதுக்கல் இருக்கும் நோட்டைத் தேடுவார்கள். மையில் கிறுக்கிய ஒரு சீட்டை ஆல்பத்தில் யார் வைப்பார்கள்? ஆனால் நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் கிடக்க வாய்ப்பிருப்பது மன்றோ படம் போட்ட நோட்டு அல்ல. இந்த மாதிரிக் காகிதங்கள்தான்.

அப்படி ஏதாவது கிடைத்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்! செல்லோடேப் ஒட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். நம்ம பக்கம் மலைச்சாரல் ஈரத்துக்குக் காகிதம் சீக்கிரம் பூக்கும். நோட்டுக்கென்றே விற்கிற, பி.வி.சி. கலக்காத உறையில் போட்டு, உலர்ந்த இடத்தில் படுக்கை வாக்கில் வையுங்கள். இலங்கைப் போகிறவர்கள் கொழும்பு கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். இந்தியக் கதைக்கு மும்பையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம்.

விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 'பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்' என்று யாராவது ரிசர்வ் வங்கி லோகோவோடு மெசேஜ் அனுப்பினால் பிளாக் செய்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி இப்படி எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்துவிட்டது. மெசேஜ் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

கண்டிச்சீமைக்கோ, நம் மேற்கு மலைத் தோட்டங்களுக்கோ போன தாத்தா பாட்டியின் துண்டு, பற்றுச்சீட்டு, கூலிக் கணக்கு ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா? முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து, தெரிந்த ஊர்ப் பெயரோடு அனுப்புங்கள். ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும். தம்பிதான் முதல் ஆளாகப் படிக்கக் காத்திருக்கிறான்.