ஆக்ஸிஜன் சென்சார்: சாட்சிக்கு எதற்குத் தண்டனை?

மதுரை கே.கே. நகரிலிருந்து மாட்டுத்தாவணி கூப்பிடு தூரம். பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட் எல்லாம் அங்கேயே இருப்பதால் விடிகாலையில் இந்தப் பக்கம் குட்டியானைகளும் பிக்கப் வண்டிகளும்தான் ராஜா. அதில் முக்கால்வாசி டீசல். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல. பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடுகிற டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு லோடு அடிக்கிற பழைய ஆம்னி, இப்படிக் கொஞ்சம் வயசான வண்டிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றைப் பற்றியது.

இந்த வண்டிகளுக்கு ஒரு பொதுவான வியாதி. ஒருநாள் மீட்டரில் மஞ்சளாக இன்ஜின் லைட் எரியும். மைலேஜ் இறங்கும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுவார், பி0135 என்று ஒரு கோடு வரும். "ஆக்ஸிஜன் சென்சார் போச்சுண்ணே, மாத்திரணும்." சில ஆயிரம் ரூபாய் கைமாறும். லைட் அணையும். மூன்றாம் நாள் மறுபடி அதே லைட், அதே கோடு! கழற்றிப் போட்ட பழைய சென்சார் ஒரு பாவமும் அறியாதது என்று அப்புறம்தான் தெரியும்.

முதலில் இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். சைலன்ஸர் குழாயில், புகை வெளியேறும் வழியில் இது மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஸிர்கோனியா என்கிற பீங்கான் மாதிரியான பொருள். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்தைப் பொறுத்து அதுவாகவே ஒரு சின்ன மின்னழுத்தத்தை உண்டாக்கும். பெட்ரோல் அதிகமாக எரிந்தால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகமாக இருந்தால் 0.1 வோல்ட் பக்கம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்கிற கணக்கைப் பிடித்து வைக்க, இன்ஜின் கம்ப்யூட்டர் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. பாஷ் கம்பெனி தயாரித்து 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்த சரக்கு இது.

இதற்கு ஒரு குணம் உண்டு. ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காகப் பேசும். அதற்காக உள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். நாலு ஒயர் சென்சாரில் பொதுவாக இரண்டு ஹீட்டருக்கு, இரண்டு சிக்னலுக்கு. பி0135 என்பது அந்த ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்கிறது. சர்க்யூட் என்ற சொல்லைக் கவனியுங்கள். பியூஸ், ரிலே, ஒயர், கனெக்டர், எர்த், கம்ப்யூட்டர், அப்புறம்தான் ஹீட்டர். இத்தனையில் எது வேண்டுமானாலும் போயிருக்கலாம். கோடு சொல்வது தெருப் பெயரை மட்டும். வீட்டு நம்பரை ஆள் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது கம்ப சூத்திரமா என்றால், இல்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் உள்ள இரண்டு ஹீட்டர் ஒயருக்கும் (பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும்) நடுவே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்தால் போதும். சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாமல் ஓப்பன் என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது, அப்போது தாராளமாகச் சென்சாரை மாற்றலாம். ஆக, ஐந்து நிமிட வேலை.

ஹீட்டர் நன்றாக இருந்தால்தான் சுவாரஸ்யமே ஆரம்பிக்கிறது. வண்டிப் பக்கமுள்ள கனெக்டரில் சப்ளை வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைப் போட்டால் சில வண்டிகளில் வரும், சிலவற்றில் இன்ஜின் ஓடினால்தான் வரும். இங்கே பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், "ஒயர் சரியா இருக்குண்ணே" என்று முடித்துவிடுவார்கள். ஒயருக்குள் இருக்கிற இழைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும்! மீட்டர் இழுக்கிற கரண்ட் அவ்வளவு சொற்பம். அதே முனையில் ஒரு இன்டிகேட்டர் பல்பை மாட்டிப் பாருங்கள், மினுக் மினுக்கென்று அழும். ஹீட்டருக்குத் தேவை வோல்ட் மட்டுமல்ல, கரண்டும். பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் கையில் எப்போதும் ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்ததே, அது சும்மா இல்லை. ஸ்கேனர் வந்ததும் அதைத் தூக்கிப் பரணில் போட்டதுதான் தப்பு.

ஒயர் ஏன் கெடுகிறது? சூடான குழாய்க்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. கிளிப் உடைந்தால் குழாய் மேலே சாய்ந்து உருகும். காய்கறி ஏற்றுகிற வண்டியென்றால் ராத்திரி எலி வேறு வந்து விருந்து சாப்பிடும். இதெல்லாம் போதாதென்று கூடுதல் ஹாரன், கலர் லைட், பாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் கையில் கிடைத்த ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் ஒட்டியிருப்பார்கள். அந்த பியூஸ் போனால் பழி மறுபடி சென்சாருக்கு :-)

சிக்னல் பக்கமும் இதே கதைதான். "லீன்" என்று கோடு வந்தால் காற்று அதிகம் என்று அர்த்தம். சென்சார் பொய் சொல்கிறது என்று ஏன் நினைக்க வேண்டும்? இன்டேக் பக்கம் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம். சென்சாருக்கு முன்னால் சைலன்ஸர் கேஸ்கட் ஒழுகி வெளிக்காற்று உள்ளே போகலாம். சட்டென்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் 0.9-க்கு ஏறி, விட்டதும் 0.1-க்கு இறங்குகிறது என்றால் சென்சார் கடமையைச் செய்கிறது. மாவட்ட நீதிமன்றம் இருக்கிற ஏரியாவில் இதைச் சொல்லலாம். பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன சாட்சியைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள்!

சென்சார் சாகவே சாகாது என்றும் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் அதற்கு விஷம். 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வர வேண்டியிருந்தது. 2000-ம் வருடத்தோடு ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. இன்றைக்கு அதைக் கெடுப்பது எரிகிற இன்ஜின் ஆயில், கசிகிற கூலன்ட், கண்ட இடத்தில் அப்புகிற சிலிக்கான் பேஸ்ட். இவற்றைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

சரி, இவ்வளவு எளிது என்றால் ஏன் செய்வதில்லை? மெக்கானிக்கை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஒரு மணிநேரம் வண்டிக்கு அடியில் படுத்து, அறுந்த இழை ஒன்றைக் கண்டுபிடித்து ஒட்டிக் கொடுத்தால் ஓனர் என்ன கேட்பார்? "ஒயர் ஒட்டினதுக்கா ஐநூறு ரூவா?" அதே ஓனர் டப்பாவில் வருகிற புதுச் சென்சாருக்குச் சில ஆயிரத்தைப் பேசாமல் எண்ணி வைப்பார். கையில் ஒரு பொருள் வந்தால்தான் நமக்குக் காசு கொடுத்த திருப்தி. டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், வக்கீலுக்குக் கொடுக்கிறோம், மெக்கானிக் யோசித்ததற்கு மட்டும் கொடுக்க மாட்டோம். பில்லில் ஸ்பேர், லேபர் என்று இரண்டு வரி இருக்கிறது. "கோளாறு கண்டுபிடித்த கூலி" என்று மூன்றாவது வரி ஒன்று வர வேண்டும். பேரம் பேசாமல் கொடுக்கவும் வேண்டும். அது வராதவரை சென்சார் விற்பதுதான் மெக்கானிக்குக் கட்டுபடியாகும். பூ ஏற்றுகிற வண்டி ஒருநாள் நின்றால் வாடகை போகும், வாடிக்கையும் போகும். ஓனரின் அவசரம் புரிகிறது. தப்பான சென்சாரைப் போட்டு இரண்டு தடவை நிறுத்துவதைவிட, ஒரு தடவை ஒரு மணிநேரம் கூடுதலாக நிறுத்துவது லாபம் என்கிற கணக்கு மட்டும் அவருக்கு ஏனோ உறைப்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்கிற வயரிங் டயகிராம் இல்லாமல் மெக்கானிக் எதைத் தேடுவார்? அது கம்பெனி சர்வீஸ் சென்டருக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொடுக்கவில்லை என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை "பழுதுபார்க்கும் உரிமை" என்று ஒரு இணையதளம் திறந்தது, அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. தெருமுனை மெக்கானிக்குக் கிடைக்க வேண்டியது இன்ன வண்டிக்கு, இன்ன வருட மாடலுக்கு, ஆக்ஸிஜன் சென்சாரின் நாலு ஒயரும் எந்த பியூஸிலிருந்து கிளம்பி எந்தப் பின்னுக்குப் போகிறது என்கிற ஒரே ஒரு பக்கம். தமிழில் கிடைத்தால் இன்னும் நல்லது.