நமேலே ஓலையும் மீன் இலாகாவும்

சட்டைப் பொத்தானுக்கும் சுயராஜ்யத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் நேயர்கள் சிரிக்கலாம். சட்டைத் துணிக்கும் சுயராஜ்யத்துக்கும் உள்ள சம்பந்தத்தை மகாத்மா ராட்டினத்தைச் சுற்றிக் காட்டினார். பொத்தானை மட்டும் நம்முடைய மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஆனால் பசிபிக் மகா சமுத்திரத்தில் வனுவாட்டு என்று ஒரு சிறு தேசம் இருக்கிறது. அங்கே பொத்தான் விஷயம் சுயராஜ்ய விஷயமாகவே ஆகிவிட்டது. அந்தக் கதையைத்தான் இவ்வாரம் சொல்லப் புகுந்திருக்கிறோம்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே எண்பதுக்கு மேற்பட்ட தீவுகள் சேர்ந்தது வனுவாட்டு. ஜனத்தொகை சுமார் மூன்று லட்சம். அந்த மூன்று லட்சம் பேரும் நூற்றுக்கு மேற்பட்ட பாஷைகள் பேசுகிறார்கள் என்றால், மொழிச் சண்டையில் அனுபவமுள்ள நம்மவர்களுக்கே மூச்சுத் திணறும். 1980 வரையில் அத்தீவுகளுக்கு நியூ ஹெப்ரிடீஸ் என்று பெயர். 1906 முதல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் கூட்டாக ஆண்டார்கள். நம் தேசத்தில் 1919-ஆம் வருஷச் சட்டத்தினால் வந்த இரட்டை ஆட்சி அதற்கு முன்னால் நிற்காது. அங்கே போலீஸ் இரண்டு, சிறைச்சாலை இரண்டு, இரண்டு வல்லரசுகளுக்கும் பொதுவான நியாயஸ்தலத்துக்குத் தலைவரை நியமிக்கும் உரிமையோ ஸ்பெயின் தேசத்து ராஜாவுக்கு! நாட்டுக்குச் சொந்தக்காரர்களைக் கேட்பார் இல்லை.

1980-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி அவர்கள் சுதந்திரம் பெற்றார்கள். பெற்றவுடன் அரசியல் சாசனத்தில் ஒரு காரியம் செய்தார்கள். தேசத்திலுள்ள நிலம் யாவும் பரம்பரை வழக்கப்படி அதற்கு உரியவர்களையே சேரும் என்று எழுதிவிட்டார்கள். அந்நியர் வாங்கி வளைத்திருந்த தென்னந்தோப்புகள் எல்லாம் இதனால் திரும்பின. அதோடு நில்லாமல், பின்னால் வந்த நிலச் சட்டம், கடலுக்குள் இருக்கும் பவளப் பாரின் வெளி விளிம்பு வரையில் நிலம்தான் என்று கணக்கிட்டது. ஆகவே கரையோரப் பாரும் கிராமத்தின் சொத்து. இந்த ஒரு வரியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பார்களில் டிரோக்கஸ் என்று ஒரு கடல் நத்தை வாழ்கிறது. சிறுவர்கள் விடும் பம்பரத்தைத் தலைகீழாக வைத்தாற்போன்ற ஓடு. மேலே செம்மை கலந்த கோடுகள். மேல்தோலைச் சுரண்டினால் உள்ளே முத்தின் பளபளப்பு. நல்ல சட்டைகளில் நிறம் மாறி மாறி மின்னும் பொத்தான்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஏராளமானவை இந்த நத்தையின் முதுகிலிருந்து துளைத்து எடுக்கப்பட்டவை. பிளாஸ்டிக் வந்து பொத்தான் சந்தையில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்ட பிறகும் உயர்ந்த ரகச் சட்டைக்காரர்கள் இதைக் கைவிடவில்லை. கிராமத்தாருக்கு இது இரட்டை லாபம்: சதையைச் சமைத்து உண்ணலாம், ஓட்டை வியாபாரியிடம் விற்றுப் பிள்ளையின் பள்ளிச் சம்பளம் கட்டலாம். கையில் ரொக்கம் புரளாத தீவுகளில் பவளப் பாரே பாங்கி. ஆனால் பாங்கியில் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே! பார்கள் பல இடங்களில் வெறுமையாகிக்கொண்டு வந்தன.

இனி மீன் இலாகாவின் கஷ்டத்தைப் பார்ப்போம். மீன்பிடி சாஸ்திரம் என்பது பெரும்பாலும் வடதேசத்துக் கடல்களில் வளர்ந்த சாஸ்திரம். அங்கே மீன் வகைகள் சில, கப்பல்கள் பெரியவை, துறைமுகங்கள் எண்ணக்கூடியவை. இறங்கும் மீனை நிறுத்துக் கணக்கெழுதி, கடலில் மிச்சம் எவ்வளவு என்று கணித்து, இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று உத்தரவு போடலாம். உத்தரவை மீறுகிறவனைப் பிடிக்கக் காவல் படகும் உண்டு. பவளத் தீவுகளில் நிலைமை தலைகீழ். ஒரே பாரில் நூற்றுக்கணக்கான வகை மீன்கள். ஒவ்வொரு கிராமமும் ஒரு துறைமுகம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தோணி. பிடித்ததில் பெரும் பகுதி தராசைப் பார்க்காமலே அடுப்புக்குப் போய்விடும். இவற்றையெல்லாம் கணக்கெடுக்க வேண்டுமானால் மீனைவிட உத்தியோகஸ்தர்கள் அதிகமாக இருக்கவேண்டும். வனுவாட்டு மீன் இலாகாவிலோ ஆட்கள் மிகக் கொஞ்சம்.

1990-ஆம் வருஷத்தில் அந்த இலாகா ஒரு காரியம் செய்தது. அதைத் துணிவு என்றும் சொல்லலாம். வேறு வழியில்லாமை என்றும் சொல்லலாம். விருப்பமுள்ள சில கிராமங்களுக்கு மட்டும் இலாகா மனிதர்கள் போனார்கள். கிராமத்தாரின் பாரில் இறங்கி டிரோக்கஸை எண்ணினார்கள், அளந்தார்கள். பிறகு தலைவரையும் பெரியவர்களையும் பார்த்து, “உங்கள் பாரில் இவ்வளவு இருக்கிறது. ஏறக்குறைய மூன்று வருஷம் கை வைக்காமல் விட்டு, பிறகு சில நாட்களுக்கு மட்டும் திறந்து எடுத்தால், உங்களுக்கு லாபம். அப்புறம் உங்கள் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுத் தோணி ஏறினார்கள். அவ்வளவுதான். அபராதம் இல்லை, காவல் படகு இல்லை, மூன்று பிரதிகளில் பூர்த்தி செய்யவேண்டிய பாரம் இல்லை. உத்தியோகஸ்தர் ஒருவர் யோசனை சொல்லிவிட்டு, கேட்டால் கேளுங்கள் என்று திரும்பிப் போவது உலகத்தில் அபூர்வமான சம்பவம் என்பதை நேயர்கள் ஒப்புக்கொள்வார்கள். இந்த வேலையில் ஈடுபட்டவர்களில் மோசஸ் அமோஸ் என்பவர் அந்நாட்டுக்காரரே. பின்னால் இலாகாவின் தலைவராகி, அதற்கும் பின்னால் பசிபிக் தீவுகள் அனைத்துக்குமான மீன் சாஸ்திரப் பிரிவுக்கே தலைமை வகித்தார்.

கிராமத்தார் ஏன் கேட்டார்கள்? சொல்லப்பட்ட யோசனை அவர்களுக்குப் புதிதல்ல. பாரை மூடி வைப்பது அவர்களுடைய பாட்டனார் காலத்து வழக்கம். தலைவர் ஒருவர் இறந்தாலும், பெரிய விருந்து ஒன்று வரப்போகிறது என்றாலும், கரையோரத்தின் ஒரு பகுதிக்கு ‘தபு’ போடுவார்கள். இங்கிலீஷ்காரர்கள் ‘டாபூ’ என்று வழங்கும் சொல் இந்தச் சமுத்திரத்தில் பிறந்ததுதான். ஈச்சை ஓலையைப் போலத் தோன்றும் நமேலே ஓலையைக் கழியில் கட்டி நட்டுவிட்டால் அங்கே ஒருவரும் வலை வீசக்கூடாது. போலீஸ்காரர் செய்ய முடியாத காரியத்தை ஓலை செய்தது. சுதந்திர வனுவாட்டின் கொடியில் பன்றிக் கொம்பின் வளைவுக்குள் இரண்டு நமேலே ஓலைகள் இருப்பதை நேயர்கள் படத்தில் பார்த்திருக்கலாம். இலாகா தன் சாஸ்திரத்தை அந்த ஓலையோடு சேர்த்துக் கட்டிவிட்டது.

இதில் சாஸ்திரத்தின் பங்கு என்ன என்று கேட்கலாம். இருக்கிறது. எல்லாப் பிராணிகளுக்கும் ஓலை ஒரே மாதிரி பலிக்காது. சிங்கி இறாலின் குஞ்சுகள் மாதக்கணக்கில் கடலில் மிதந்து எங்கேயோ போய் ஒதுங்குகின்றன. ஒரு கிராமம் பட்டினி கிடந்து காப்பாற்றினால் எவனோ பிடித்துத் தின்பான். டிரோக்கஸின் குஞ்சு மிதந்து திரிவதோ சில நாட்கள்தான். உடனே பாரில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இன்று விட்டுவைத்த கிராமத்துக்கே பெரும்பாலும் அதன் சந்ததி கிடைக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் முட்டையிடும் பருவம் வந்துவிடுகிறது. பெரிய நத்தை சிறியதைக் காட்டிலும் மிகப் பல மடங்கு முட்டையிடுகிறது. மூன்று வருஷக் கெடுவும், ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறைந்ததை எடுக்கக்கூடாது என்ற விதியும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை. இத்தகைய விதி நமக்கும் அந்நியமல்ல. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் இரண்டேகால் அங்குலக் குறுக்களவுக்குக் குறைந்த சங்கைக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும் என்ற விதி பழமையானது.

மூன்று வருஷம் சென்றது. மூடிவைத்த கிராமங்கள் பாரைத் திறந்து நல்ல வரும்படி கண்டன. கண்ட செய்தி பக்கத்துக் கிராமங்களுக்குத் தானாகப் பரவிற்று. அடுத்த வீட்டுக்காரர் சம்பாதிப்பதைப் போல் சிறந்த பிரசங்கம் ஏது? இலாகா அழைக்காத கிராமங்களும் தாமாக ஓலை கட்டத் தொடங்கின. டிரோக்கஸோடு நிற்கவில்லை: சில இடங்களில் சிங்கி இறால், சில இடங்களில் கடல் அட்டை, சில இடங்களில் மீன், சில இடங்களில் இரவில் விளக்குடன் மூழ்கிக் குத்துவது என்று கிராமத்துக்குக் கிராமம் தடை ஏற்பட்டது. 1993-இல் ஜோஹன்னஸ் என்ற மீன் சாஸ்திரி 27 கிராமங்களைச் சுற்றி இதையெல்லாம் எழுதி வைத்தார். 2001-இல் அவரும் ஹிக்கி என்பவரும் அவற்றில் 21 கிராமங்களுக்கு மறுபடி சென்றபோது, கட்டுப்பாடுகள் குறையவில்லை. இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருந்தன.

இந்த ஜோஹன்னஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. கானடா தேசத்தில் 1936-இல் பிறந்தவர். பலாவு தீவுகளில் கிழட்டுச் செம்படவர்களிடம் சீடராக உட்கார்ந்து, எந்த மீன் எந்தப் பிறையில் எந்த இடத்தில் முட்டையிடக் கூடுகிறது என்று கேட்டு எழுதினார். சந்திரனைப் பார்த்து முட்டையிடும் மீன்கள் என்று உலகத்து விஞ்ஞானப் புத்தகங்கள் அனைத்திலும் பதிவானவற்றைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வகைகளை அந்தச் சில கிழவர்களே சொல்லிவிட்டார்கள். அந்தக் கணக்கை 1981-இல் வெளியான தம் புத்தகத்தில் சேர்த்தார். 1998-இலோ, கணக்குக் கிடைக்கும்வரை காத்திராமல் கணக்கில்லாமலே கடலைக் காக்கும் வழி தேடவேண்டும் என்று எழுதித் தம் தொழில்காரர்களைத் திகைக்க வைத்தார். 2002-இல் காலமானார்.

2001-ஆம் வருஷப் பிரயாணத்தில் ஒரு வேடிக்கையும் தெரியவந்தது. பல கிராமங்களில் கடலாமைகளைப் பிடிக்கத் தடை ஏற்பட்டிருந்தது. காரணம் என்ன என்று விசாரித்தால், இலாகாவுமல்ல, சாஸ்திரியுமல்ல. ஒரு நாடகக் கம்பெனி! வான் ஸ்மோல்பாக், அதாவது ‘ஒரு சிறு பை’, என்று அதற்குப் பெயர். 1995-இல் அந்தக் கம்பெனியார் தீவு தீவாகப் போய் ஆமையைப் பற்றி ஒரு நாடகம் ஆடினார்கள். பார்த்த கிராமத்தார் தங்களுக்குள் ஆமைக் காவலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலத்துக்கும் கடலுக்கும் அவர்கள் சொல்லும் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து ‘வனுவா-தாய்’ என்று அக்காவலர் பின்னால் பெயர் பெற்றார்கள். விசுவநாத தாஸ் மேடையில் பாடியதற்காகச் சிறை சென்ற தமிழ்நாட்டுக்கு நாடகத்தின் வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் பொன்னுலகம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. பாரின் எல்லை எது என்று அண்ணன் தம்பிகள் வழக்காடும் கிராமங்கள் உண்டு. மூன்று வருஷம் காத்திருந்து, திறந்த மூன்றாம் நாளே துடைத்து எடுத்துவிடும் கிராமங்களும் உண்டு. கடல் அட்டை விஷயத்தில் ஓலை தோற்றே போயிற்று என்றுதான் சொல்லவேண்டும். சீனத்து விருந்துக்காக அவித்து உலர்த்தும் இந்தப் பிராணி, அத்தீவுகளுக்குப் பாஷையையே கொடுத்தது. வனுவாட்டின் பொது மொழியான ‘பிஸ்லாமா’வின் பெயர், அட்டை வியாபாரிகள் வழங்கிய ‘பேஷ் த மேர்’ என்ற அட்டைப் பெயரின் திரிபே. விலை ஏற ஏற வியாபாரிகள் ரொக்கத்துடன் வந்து நின்றபோது மனிதர் மனம் என்ன செய்யும்? 2008-இல் சர்க்கார் தலையிட்டு ஐந்து வருஷத்துக்கு அட்டை பிடிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் 2001 முதல் கடல் அட்டைக்குத் தடை உண்டு. மன்னார் வளைகுடாச் செம்படவர்கள் அதைப்பற்றி முறையிட்டு வந்திருக்கிறார்கள்; கள்ளக் கடத்தலும் நின்றபாடில்லை. தடை தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அதைப் போடுவதற்கு முன்னால் பாம்பன் கரையில் உட்கார்ந்து, பிழைப்புக்கு என்ன வழி என்று பேசியிருந்தால் பாதி முறையீடு குறைந்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

தேதிகளில் ஒரு பொருத்தம் கவனத்துக்கு வருகிறது. நமது மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி சென்னையில் தொடங்கிற்று. 1949-இல் மண்டபத்துக்கு மாறிற்று. அதற்கு மூன்று நாட்களுக்குப் பின், பிப்ரவரி 6-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆறு அரசாங்கங்கள் கையெழுத்திட்டுத் தென் பசிபிக் கமிஷனை ஸ்தாபித்தன. ஆறும் தீவுகளை ஆண்ட அரசாங்கங்கள். ஆளப்பட்டவர்களில் ஒருவர் கையெழுத்தும் அதில் இல்லை. நூமியா நகரில் இருக்கும் அந்த ஸ்தாபனத்தில் இன்று தீவுகளும் அங்கத்தினர். 2015-இல் அங்கே கூடி, கடலோர மீன்பிடிப்புக்கு ‘ஒரு புதிய பாட்டு’ என்று பெயரிட்டுத் திட்டம் ஒன்று வகுத்தார்கள். கிராம சமூகமே நடத்தும் பாதுகாப்பு என்பதுதான் அப்பாட்டின் பல்லவி. மோசஸ் அமோஸ் தலைமை வகித்ததாக மேலே சொன்னோமே, அந்தப் பிரிவு இந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்ததுதான்.

ஓலைக்குக் கட்டுப்படாத சத்துரு ஒன்று இப்போது வந்திருக்கிறது. கடல் சூடேறினால் பவளம் வெளுத்துச் சாகிறது. பவளம் செத்தால் பாரும் இல்லை, பம்பர நத்தையும் இல்லை. சூட்டைக் கிளப்பும் புகையோ வேறு தேசங்களின் புகைபோக்கிகளிலிருந்து வருவது. 2019-இல் வனுவாட்டில் படித்துக்கொண்டிருந்த பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர், இதைச் சர்வதேச நியாயஸ்தலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு சர்க்கார் அவர்கள் பேச்சை எடுத்துக்கொண்டு தேசம் தேசமாகப் போயிற்று. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை தீர்மானம் செய்தது. 2025 ஜூலை 23-ஆம் தேதி ஹேக் நகரத்து நியாயாதிபதிகள், தட்பவெப்பத்தைக் காப்பது தேசங்களின் சட்டக் கடமை என்றும், தவறினால் நஷ்ட ஈட்டுக்கும் இடமுண்டு என்றும் சொல்லிவிட்டார்கள். அது அபிப்பிராயம்தான், நிறைவேற்றுவதற்குப் போலீஸ் இல்லை. போலீஸ் இல்லாத உத்தரவைக் கொண்டு காரியம் நடத்தி வனுவாட்டுக்காரர்களுக்குப் பழக்கம் உண்டு.