வெளிக்கிப் போய் எத்தனை நாள் ஆச்சு?

விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. உதவித்தொகை கேட்டு இதை எழுதவில்லை. என் மகன் வெளிக்கிப் போவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கலெக்டருக்கு எழுதுகிற விஷயமா இது என்று வீட்டிலேயே கேட்டார்கள். வேறு யாருக்கு எழுத?

போன வருஷம் பள்ளியில், "ஜட்டியிலேயே போயிடுறான், பழக்கிட்டுக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கறை. வயிற்றால் போகிறது என்று நினைத்துப் பழத்தை நிறுத்தினோம். மருந்துக் கடையில் கேட்டு, போக்கை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்தோம். அடித்தும் இருக்கிறேன். கடைசியில் மதுரையில் ஒரு குழந்தை மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெளிக்கிப் போய் எத்தனை நாள் ஆச்சு?" என்றார். "தினமும் போறானே சார்" என்றாள் மனைவி. "அது போறது இல்லம்மா, கசியுறது."

உள்ளே கல் மாதிரி மலம் அடைத்துக் கிடக்க, அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீராக ஒழுகியிருக்கிறது. அடைப்பு நீடித்தால் மலக்குடல் விரிந்துபோகும். முட்டுகிற உணர்வே மங்கிவிடும். ஒழுகுவது பிள்ளைக்கே தெரியாது. அதற்குத்தான் அடி வாங்கியிருக்கிறான்.

ஒரு நாள் வலித்தால் மறுநாள் அடக்குவான், அடக்கினால் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடியதுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்று, பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார்கள். என் மகன் சாப்பிடுவது வெள்ளைச் சோறு, தயிர், ஒரே ஒரு வகை பிஸ்கட். ஈரத் தரையில் கால் வைக்க மாட்டான். ஃப்ளஷ் சத்தம் அவனுக்குச் சரவெடி. காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். பட்டாசு ஊரில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் காது.

வைத்தியம் பெரிய ரகசியம் இல்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, முதலில் அடைப்பை வெளியேற்றினார்கள். பிறகு தினம் ஓர் அளவு, மாதக்கணக்கில். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரம் பார்த்து, காலுக்கு அடியில் முக்காலி போட்டு, ஐந்து பத்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். சரியாகிவிட்டது என்று இரண்டே வாரத்தில் பொடியை நிறுத்தினோம், மறுபடி அடைத்துக்கொண்டது. அப்புறம்தான் ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு காலண்டர் தாளைச் சுவரில் ஒட்டினேன். போன நாளுக்கு வட்டம், போகாத நாளுக்குக் கோடு, கசிந்தால் புள்ளி. மருத்துவர் இப்போது அந்தத் தாளைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுகிறார், குறைக்கிறார்.

மறுபடி அடைத்துக்கொண்ட அந்த நாட்களில் பாட்டி சோப்புத் துண்டு வைத்துப் பார்த்தார், விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பும் வைத்தார். வலிக்குப் பயந்தே அடக்குகிற பிள்ளைக்கு அது இன்னொரு பயம். பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் பிள்ளைகள் பாட்டிகளிடம்தானே வளர்கிறார்கள்? காலைச் சாப்பாடு முடிந்து உட்கார வைக்க வேண்டிய அந்த அரை மணி நேரத்தில், அம்மா வெடி ஆபீஸ் வண்டியில் ஏறியிருப்பாள். எண்ணிக்கைக்குக் கூலி, தாமதமாகப் போனால் அவளுக்குத்தான் நஷ்டம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பாகுபாடு இல்லாமல் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பழக்கிய பிறகு கூட்டி வரச் சொல்வது அதில் எங்கும் இல்லை. பிள்ளைகளைப் பரிசோதிக்க அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழுவின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது, மலச்சிக்கல் இல்லை. முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 2018-இல் தமிழ்நாட்டிலிருந்து எடுத்தது இரண்டை: இராமநாதபுரத்தையும் நம்மையும். அதற்காக மாதாமாதம் எத்தனையோ எண்களைப் பார்க்கிறீர்கள். மதுரை மருத்துவர் கேட்ட கேள்வியையும் இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கேட்கும்படி அந்தக் குழுவிடம் சொல்லுங்கள். ஜட்டியில் கறை என்றால் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பொடி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மாதக்கணக்கில், தட்டாமல் கிடைக்க வேண்டும். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து அம்மா இதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏற முடியாது. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரிலேயே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கலாம். பள்ளிக்கு ஒரு கழிப்பறையாவது உலர்ந்த தரையும் உட்காரும் பீங்கானுமாக இருக்கட்டும். தண்ணீரைப் பிள்ளை வெளியே போன பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படம்தான் பாஷை. ஜட்டியை இறக்குவது, உட்காருவது, கழுவுவது, கை சுத்தம் செய்வது: ஒரே தாளில் நாலு படம், பின்பக்கம் வட்டம் போட ஒரு மாதக் கட்டம். நாட்டுக்கே காலண்டர் அடிக்கிற ஊர் இது. உங்கள் மருத்துவர்களையும் சிறப்பாசிரியர்களையும் உட்கார வைத்து அந்தத் தாளை முடிவு செய்து கொடுங்கள். தை பிறந்ததும் காலண்டர் வேலை குறைந்துவிடும், மெஷினுக்கு ஓய்வுதான். அச்சடிக்கும் கூலியை நான் வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
சிவகாசியிலிருந்து ஓர் அப்பா