“தப்பு யார் மேல?” – திண்டிவனம் ரோட்டுல சொல்ற தீர்ப்பு உங்க பணத்தை எப்படி சாப்பிடுது



வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெருங்களத்தூரைத் தாண்டி ஊருக்குக் கிளம்புற கூட்டத்துல நீங்களும் ஒருத்தரா இருப்பீங்க. திண்டிவனத்துல இடது பக்கம் திரும்பி மரக்காணம் ரோட்டைப் பிடிச்சா பிரம்மதேசம். (செய்யாறு பக்கமும் ஒரு பிரம்மதேசம் இருக்கு, அது வேற.) அந்த ரோட்டுல உப்பு லாரி வரும், டிராக்டர் வரும், ஒரே பைக்ல மூணு பேர் வருவாங்க, அறுவடை நேரத்துல நெல்லும் உளுந்தும் ரோட்டுலயே காயும்.

அங்க உங்க கார் ஒரு பைக்கைத் தட்டிடுச்சுன்னு வைங்க. அஞ்சு நிமிஷத்துல இருபது பேர் கூடிடுவாங்க. தீர்ப்பும் உடனே வந்துடும். அதுக்கு ரெண்டே சட்டம்தான்: பெரிய வண்டி மேல தப்பு, இல்லன்னா பின்னாடி வந்து இடிச்சவன் மேல தப்பு. இந்த ரெண்டுலயும் முடியலன்னா வெளியூர் வண்டி மேல தப்பு. “கேஸு கீஸுன்னு அலையாத தம்பி, பத்தாயிரம் குடுத்துட்டுக் கிளம்பு.” ஜிபே பண்ணி, ஒரு வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி, எல்லாரும் கிளம்பிடறாங்க.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். நசுங்கினது தகரம் மட்டும்னா இந்த பஞ்சாயத்து தப்பில்ல. யாராவது உடம்புல அடிபட்டிருந்தா, அது நீங்களா இருந்தாலும் எதிராளியா இருந்தாலும், ரோட்டுல பேசி முடிக்கிறதுதான் ஒரு சம்பளக்காரர் எடுக்கக்கூடிய மோசமான பண முடிவு. மியூச்சுவல் ஃபண்ட்ல தப்பான ஃபண்டைத் தேர்ந்தெடுக்கிறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

காரணம் என்னன்னா, கோர்ட்ல “தப்பு யார் மேல” என்பதற்கு ஒரே ஆளைக் கைகாட்டி பதில் சொல்றதில்ல. அது ஒரு சதவீதக் கணக்கு.

நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணையே பார்ப்போம். 2017 ஜனவரி 7, கோயம்புத்தூர். ஒரு இன்ஜினியரிங் மாணவர் பைக்ல போறார். முன்னாடி போன கார் நெடுஞ்சாலையில திடீர்னு நிக்குது. பைக் காரோட பின்பக்கத்துல இடிக்குது. அவர் கீழ விழ, பின்னாடி வந்த பஸ் கால்ல ஏறிடுது. காலையே எடுக்க வேண்டியதாயிடுச்சு. கார் ஏன் நின்னுச்சு? கூட இருந்த கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்ததாம்.

நம்ம ரோட்டோர நாட்டாமைகிட்ட கேட்டா “பின்னாடி வந்து இடிச்சது பையன்தானே” என்று ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருப்பார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே கார் மேல தப்பு இல்லன்னுதான் சொன்னது. பஸ் 80, பையன் 20. உயர் நீதிமன்றம் மாத்துச்சு: கார் 40, பஸ் 30, பையன் 30. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி மாத்துச்சு: கார் 50, பஸ் 30, பையன் 20. நெடுஞ்சாலையில பின்னாடி வர்றவங்களுக்கு எந்த சைகையும் காட்டாம வண்டியை நிறுத்துறதே அஜாக்கிரதைதான், சொந்த அவசரம் எதுவா இருந்தாலும் அது சாக்கு ஆகாதுன்னு நீதிமன்றம் சொன்னது. இடைவெளி விடாம ஓட்டினதுக்கும், லைசென்ஸ் இல்லாததுக்கும் பையன் மேல 20 நின்னுச்சு. இழப்பீடு சுமார் 1 கோடியே 14 லட்சம்னு கணக்குப் போட்டு, 20 சதவீதம் கழிச்சு, கிட்டத்தட்ட 91 லட்சம் கைக்கு வர்ற மாதிரி உத்தரவு. ஒரே விபத்து, ஒரே சாட்சியங்கள், மூணு கோர்ட், மூணு விதமான பங்கீடு.

இதை வச்சு “அப்போ முன்னாடி போற வண்டி மேலதான் தப்பு” என்று புது சட்டம் எழுதிடாதீங்க. 2018-ல வந்த நிஷான் சிங் வழக்குல, லாரிக்குப் பின்னாடி 10–15 அடி இடைவெளியில போன கார், லாரி பிரேக் போட்டதும் இடிச்சது. அந்த இடைவெளி பத்தாது, தப்பு கார் ஓட்டினவர் மேலதான்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எல்லாமே அந்தந்த இடத்து ஆதாரத்தைப் பொறுத்தது. அந்த ஆதாரத்தைத்தான் நாம பத்தாயிரத்துக்கு வித்துட்டுக் கிளம்பறோம்.

சரி, ஒரு சதவீதம் எவ்வளவு ரூபா? நம்ம சேனல்ல கணக்கு இல்லாம பேசறதில்லையே.

27 வயசு, திருமணம் ஆகலை, நிரந்தர வேலை, வரி போக மாசம் 30,000 ரூபாய் சம்பளம். இவர் விபத்துல இறந்துட்டார்னு வைங்க. (கேட்கவே கஷ்டமா இருக்கும். ஆனா டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் இதைத்தானே யோசிக்கிறோம்.) வருஷ வருமானம் 3,60,000. நிரந்தர வேலையில இருக்கிற, 40 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு எதிர்கால உயர்வுக்காக 50 சதவீதம் சேர்க்கணும். இது 2017-ல பிரணய் சேத்தி வழக்குல ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆக 5,40,000. திருமணம் ஆகாதவர்னா பொதுவா பாதியை சொந்தச் செலவுன்னு கழிப்பாங்க. மீதி 2,70,000. 26 முதல் 30 வயசுக்குப் பெருக்க வேண்டிய எண் 17. இது 2009-ல வந்த சர்லா வர்மா தீர்ப்பு அட்டவணை. பெருக்கினா 45,90,000 ரூபாய். இறுதிச் சடங்கு மாதிரியான சின்னத் தொகைகள் தனி.

இந்தக் கணக்குல ஒவ்வொரு 10 சதவீதத் தப்பும் 4,59,000 ரூபாய். “நானும் கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன்” என்று கூட்டத்துக்கு முன்னாடி மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையோட விலை அது.

அடிபட்டு உயிர் பிழைச்சவங்களுக்கும் இதே முறைதான், ஆனா அந்தப் பாதிக் கழிவு கிடையாது. டாக்டர் எழுதற ஊன சதவீதத்தை கோர்ட் அப்படியே எடுத்துக்காது. அந்த ஊனத்தால சம்பாதிக்கிற திறன் எவ்வளவு போச்சுன்னு பார்க்கும். காலை இழந்த டிரைவருக்கும் காலை இழந்த அக்கவுன்டன்ட்டுக்கும் கணக்கு ஒண்ணா வராது. இதுக்கெல்லாம் அடிப்படை சம்பளச் சான்று. பே ஸ்லிப், ஃபார்ம் 16, வருமான வரி ரிட்டர்ன். பாதி சம்பளத்தைக் கையில ரொக்கமா வாங்குறவங்க இந்த இடத்துல ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. தாக்கல் பண்ணாத வருமானத்தைக் கோர்ட்ல நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

இப்போ காரை ஓட்டினவர் பக்கம் வருவோம். “தப்பு என்மேலதாங்க, ஆஸ்பத்திரி செலவை நான் பார்த்துக்கறேன்” என்று நல்ல மனசோட சொல்றீங்க. உங்க மோட்டார் பாலிசியோட நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து பாருங்க. கம்பெனியோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் தர்றதா வாக்கு கொடுக்கக் கூடாது, கொடுக்கவும் கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். நீங்க ரோட்டுல செஞ்சது இந்த மூணையும்தான்! அந்த வெள்ளைப் பேப்பர் உங்களைக் காப்பாத்தவும் காப்பாத்தாது. மறுநாள் அவருக்குத் தலைக்குள்ள ரத்தக்கசிவுன்னு தெரிஞ்சா அவர் வழக்குப் போடலாம், போடணும்கூட. அப்போ உங்களோட பத்தாயிரமும் போச்சு, கம்பெனிக்குச் சொல்லாத பிரச்சினையும் சேர்ந்துக்கும்.

மனுஷங்களுக்கு ஏற்படற காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டுல உச்ச வரம்பே கிடையாது. அதுக்காகத்தான் வருஷா வருஷம் பிரீமியம் கட்டறோம். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அது உங்க சட்டக் கடமையும்கூட. தப்பு எத்தனை சதவீதம்னு நீங்க அங்க நின்னு அறிவிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்ல.

பம்பர் மட்டும் நசுங்கின கேஸ்ல நான் ஏன் விட்டுக்கொடுக்கறேன்? நோ கிளெய்ம் போனஸ்தான் காரணம். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000, போனஸ் 50 சதவீதம் வரைக்கும் வந்திருக்குன்னு வைங்க. 4,000 ரூபா டென்ட்டுக்கு கிளெய்ம் பண்ணா அடுத்த வருஷமே 5,000 கூடும். மறுபடி 50-க்கு ஏற அஞ்சு வருஷம். அப்படிப்பட்டதை எதிராளிகிட்ட பேசி முடிச்சுக்கலாம், இல்ல கைக்காசு போட்டுக்கலாம். இந்த போனஸ் ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான். “போனஸ் போயிடும்” என்று பயந்து உடம்புக் காயத்தை மறைக்கிறதுல அர்த்தமே இல்ல.

இன்னொரு பொறி இருக்கு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றங்கள்படி, தப்பு யார் மேலன்னு நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் வாங்கலாம். தப்பு முழுக்கத் தன் பக்கம், சாட்சியும் இல்லன்னு தவிக்கிற குடும்பத்துக்கு இது பெரிய உதவி. ஆனா அந்தத் தொகையை ஏத்துக்கிட்டா, தப்பை நிரூபிச்சுக் கேக்கற பெரிய கிளெய்ம் அதோட முடிஞ்சிடும். மேல போட்ட 45,90,000 கணக்கை நினைச்சுப் பாருங்க. துக்க வீட்டுல, சீக்கிரம் காசு வருதேன்னு யாரோ நீட்டற காகிதத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

அதே திருத்தத்துல ஆறு மாசக் கெடுவும் வந்துச்சு. விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. அதை நம்பி உக்காராதீங்க, கெடுவுக்குள்ளயே போட்டுடுங்க. பிரம்மதேசத்துல நடந்த விபத்துக்கு திண்டிவனம் பக்கம்தான் அலையணும்னு இல்ல. நீங்க குடியிருக்கிற ஊர் தீர்ப்பாயத்துலயும் போடலாம். சென்னைவாசிகளுக்கு அது சிறு வழக்குகள் நீதிமன்றம்.

போலீஸ் எஃப்.ஐ.ஆர்-ல உங்க பேரைக் குற்றவாளின்னு போட்டுட்டாங்களேன்னு மனசு விட்டுடறவங்களும் இருக்காங்க. எஃப்.ஐ.ஆர். ஒரு ஆரம்பம்தான். கிரிமினல் கோர்ட்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், தீர்ப்பாயத்துல எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு பார்த்தாலே போதும். அங்க ஒரு முடிவு வந்ததாலயே இங்கயும் அதே முடிவு வரணும்னு இல்ல. பைக்ல மூணு பேர் போனதுக்காகவே இழப்பீட்டை வெட்டக் கூடாதுன்னும் 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு; மூணு பேர் போனதுதான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணம்னு காட்டினாத்தான் வெட்டலாம்.

ஸ்பாட்ல என்ன செய்யணும்? வண்டிகளை நகர்த்தறதுக்கு முன்னாடி ரெண்டு நம்பர் பிளேட்டும் தெரியற மாதிரி, டயர் தடமும் தெரியற மாதிரி போட்டோ. 108. அப்புறம் ஸ்டேஷன்ல புகார், சி.எஸ்.ஆர். ரசீது. ஆஸ்பத்திரியில ஏ.ஆர். காப்பி. அதுல விபத்து எப்படி நடந்ததுன்னு என்ன எழுதறாங்கன்னு படிச்சுப் பாருங்க, “தானே விழுந்தார்” என்று ஒரு வரி இருந்தா பின்னாடி ரொம்பத் தொல்லை. முதல் நாள் செலவுக்குப் பயந்து யாரும் ரோட்டுல பணம் கேக்க வேண்டியதும் இல்ல. நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பர்ல தொடங்கினதே திண்டிவனத்துக்குப் பக்கத்துல இருக்கிற மேல்மருவத்தூர்லதான். திட்டத்துல சேர்ந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

தப்பு முழுக்க உங்க மேலயே இருந்தா? நீங்களே ஓட்டி, நீங்களே மரத்துல மோதினா மூன்றாம் நபர் காப்பீடு உங்களுக்குப் பைசா தராது. நண்பனோட காரை வாங்கி ஓட்டினாலும் சட்டத்தோட கண்ணுல நீங்க ஓனர் இடத்துலதான் நிக்கறீங்க. சொந்த வண்டிக்கு உள்ள 15 லட்சம் கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீடு, உங்களோட சொந்தப் பேர்ல ஒரு விபத்துக் காப்பீடு, டெர்ம் பாலிசி, இவ்வளவுதான் துணை. ரோட்டுல காய்ற நெல்லுல வழுக்கி விழுந்தாலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். எதிர்ல வண்டியே இல்லன்னா யாரோட இன்சூரன்ஸ்ல கேப்பீங்க?

கடைசியா ஊர்ல சித்தப்பா பையனுக்கோ கூடப் படிச்சவனுக்கோ கொடுத்துட்டு வந்த உங்க பழைய பைக். பணம் வாங்கியாச்சு, சாவி கொடுத்தாச்சு, ஆர்.சி-ல பேர் மட்டும் இன்னும் உங்க பேர்தான், இல்லையா? 2018 பிப்ரவரியில நவீன் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி-ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. அந்த பைக்குக்கு இன்சூரன்ஸும் முடிஞ்சு போயிருந்தா, இழப்பீட்டை நிலவரி பாக்கி வசூலிக்கிற மாதிரி கலெக்டர் மூலமா உங்ககிட்ட வசூலிக்க சட்டத்துல வழி இருக்கு. இந்த வாரம் ஊருக்குப் போறவங்க அவனைக் கூட்டிக்கிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயிட்டு வந்துடுங்க.